வால்வு மாற்றியவருக்குச் சத்து மாத்திரை மட்டும் போதுமா?

இருதய வால்வு மாற்றிக்கொண்ட ஒருவர், 'ரத்தம் கம்மியா இருக்கு, மூச்சு வாங்குது' என்று வந்து நின்றால், இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து 'ஒரு மாசம் கழிச்சு வாங்க' என்று அனுப்பும் பழக்கத்தை டாக்டர்கள் விட வேண்டும். டாக்டர்கள் என்று சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்தத் தப்பை மூன்று மாதம் நானே செய்திருக்கிறேன்.

காஞ்சிபுரத்தில் பொது மருத்துவம் பார்ப்பவன் நான். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளர் வீட்டு அம்மா என்னிடம் வருவார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். சின்ன வயதில் தொண்டை வலி, அப்புறம் மூட்டு வீக்கம், அதைக் கவனிக்காமல் விட்டது, இருபது வருடம் கழித்து மைட்ரல் வால்வு சுருங்கிப்போனது... ருமாட்டிக் காய்ச்சல் நம் ஊரில் இப்படித்தான் கதையை முடிக்கும். ஆறு வருடத்துக்கு முன் சென்னையில் உலோக வால்வு வைத்தார்கள். நல்ல ஆபரேஷன். வீடு திரும்பி, தார் சுற்றுவது, தறியில் கணவருக்கு ஒத்தாசையாக உட்காருவது எல்லாம் பழையபடி செய்துகொண்டிருந்தார். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை. அதன் அளவு சரியா என்று பார்க்க மாதாமாதம் ஐ.என்.ஆர். டெஸ்ட்டுக்கு என்னிடம் வருவார்.

ஒரு நாள் சொன்னார்:

"ஐயா, போன வருஷம் வைகாசியில கருட சேவைக்கு வீட்டிலேர்ந்து நடந்தே போனேன். இந்த வருஷம் காந்தி ரோடு தாண்டறதுக்குள்ள மூணு எடத்துல உக்காந்துட்டேன்."

ஹீமோகுளோபின் பார்த்தேன். 7.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மாதவிலக்கு நிற்கப்போகிற வயது, ரத்தத்தை இளக்கும் மாத்திரை வேறு சாப்பிடுகிறார். ரத்தக் குறைவுக்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? இரும்பு மாத்திரை எழுதினேன். அடுத்த மாதம் 8.3. எனக்கு ஒரே சந்தோஷம். அதற்கடுத்த மாதம் 7.6. 'ஒழுங்கா சாப்பிடறதில்லையா?' என்று ஒரு அதட்டல் போட்டேன். பாவம், ஒரு வேளை கூட விடாமல் சாப்பிட்டிருக்கிறார். மூன்றாவது மாதம் 7. கண்ணில் லேசாக மஞ்சள். வீட்டில் மஞ்சள் காமாலை என்று நினைத்து கீழாநெல்லி அரைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியில் விஷயத்தைப் போட்டு உடைத்தது அவர் கணவர்தான். "காலையில இவளுக்கு மூத்திரம் டிக்காஷன் கலர்ல போகுதுங்க. அந்த மாத்திரையாலதானே?"

இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். சிறுநீரை டிக்காஷன் ஆக்காது. எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வியை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்!

வால்வு கெடவில்லை, கோர்வை விட்டது

செயற்கை வால்வைச் சுற்றி பாலியெஸ்டர் துணியில் ஒரு வளையம் இருக்கும். கெட்டுப்போன வால்வை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்து விளிம்பில் இந்தத் துணி வளையத்தைச் சுற்றிலும் தையல் போட்டுப் பிணைப்பார்கள். நாளாக ஆக நம் உடம்பின் சதையே அந்தத் துணிக்குள் வளர்ந்து ஊடுருவி, இரண்டும் ஒன்றாகிவிடும். இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் பிரச்னை இல்லை. எங்காவது ஒரு இடத்தில் தையல் பிடிக்காமல் போனால், வால்வுக்கும் சதைக்கும் நடுவே ஒரு இடுக்கு விழும். வால்வு டிக் டிக்கென்று ஒழுங்காகத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். ரத்தம் மட்டும் பக்கவாட்டில் அந்த இடுக்கு வழியாகப் பின்னால் ஒழுகும். இதைத்தான் வால்வைச் சுற்றிய கசிவு என்கிறோம்.

இதை அந்தக் கணவருக்கு விளக்கப் படம் எல்லாம் வரைந்துகொண்டிருந்தேன். அவர் பாதியிலேயே நிறுத்தி, "கோர்வை விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல! காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. ஒவ்வொரு இழையிலும் உடலும் கரையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று சொல்லித்தானே விற்கிறார்கள்? உடலும் நன்றாக இருந்து, கரையும் நன்றாக இருந்து, கோர்க்கும் இடத்தில் தவறினால் அங்கே பிளந்துகொள்ளும். அதேதான் இதுவும்.

ஏன் விடுகிறது? வால்வு உட்காரும் விளிம்பில் சுண்ணாம்பு படிந்து கல்லாக இருந்தால் தையல் சரியாக உட்காராது. சதை நைந்துபோயிருந்தால் நூல் அறுத்துக்கொண்டு வரும். ஏற்கெனவே ஒரு தடவை ஆபரேஷன் ஆன இடமாக இருந்தாலும் ஆபத்து கூடும். பிறகு, கிருமித் தொற்று. வால்வில் கிருமி உட்கார்ந்தால் தையல் போட்ட இடத்தையே அரித்துவிடும். பல வருடம் நன்றாக இருந்த வால்வில் திடீரென்று கசிவு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இது அபூர்வமான சமாச்சாரமும் இல்லை. துல்லியமாகத் தேடினால், வால்வு மாற்றியவர்களில் 100-க்கு 5 முதல் 17 பேர் வரை ஏதோ ஒரு அளவில் கசிவு இருக்கிறது என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. அயோர்டிக் வால்வைவிட மைட்ரல் வால்வில் அதிகம். பயப்படாதீர்கள், இவர்களில் பெரும்பாலோருக்கு அது பொட்டளவுக் கசிவு. ஒரு தொந்தரவும் தராது. தொந்தரவு தரும் அளவுக்குப் போவது 100-க்கு 1 முதல் 5 பேருக்குத்தான். ஆனால் அந்தச் சிலரைக் கண்டுபிடிக்காமல் விட்டால், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே அவர்கள் மெலிந்துகொண்டு போவார்கள்.

இதைக் கேட்டதும் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது, 'அப்போ ஆபரேஷன் பண்ண டாக்டர் சரியா தைக்கலையா?' என்றுதான். அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். 1990-களின் கடைசியில் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் கம்பெனி, கிருமித் தொற்றைத் தடுப்பதற்காக வால்வின் துணி வளையத்துக்கு வெள்ளிப் பூச்சு கொடுத்தது. வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், பூச்சு இல்லாத வால்வைவிடப் பூச்சு போட்ட வால்வில்தான் சுற்றுக் கசிவு அதிகம் என்று தெரிந்தது. துணிக்குள் சதை வளர்ந்து பிடிப்பதை வெள்ளி தடுத்திருக்கலாம் என்று கருதினார்கள். 2000 ஜனவரியில் அந்த வால்வைக் கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்டது. தைத்த கைகள் அதே கைகள்தான், துணிதான் மாறியது. (ஜரிகையில் வெள்ளி இருந்தால்தான் புடவைக்கு மதிப்பு என்று வாழும் ஊரில் உட்கார்ந்து இதை எழுதுவது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது.)

நமக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரை திருநாள் நிலையத்தில், டாக்டர் வலியத்தான் தலைமையில் செய்த சித்ரா வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது 1990 டிசம்பரில். அதற்கு முன் மூன்று மாதிரிகளைச் செய்து பார்த்துக் கைவிட்டு, நாலாவதில்தான் ஜெயித்தார்கள். பிறகு டி.டி.கே. நிறுவனம் தயாரித்து, வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத எத்தனையோ குடும்பங்களுக்கு அது உயிர் கொடுத்தது. அதிலும் துணி வளையம் உண்டு, தையல் உண்டு. எந்த வால்வானாலும் கடைசியில் உடம்போடு சேர்வது தையலில்தான்.

ரத்தம் எங்கே போகிறது?

இடுக்கு பெரிதாக இருந்தால் நிறைய ரத்தம் பின்னால் ஒழுகும். இருதயம் செய்த வேலையையே திரும்பச் செய்து களைத்துப்போகும். நடந்தால் மூச்சு வாங்கும், படுத்தால் மூச்சு முட்டும், கால் வீங்கும். இதை எந்த டாக்டரும் இருதயக் கோளாறு என்று கண்டுபிடித்துவிடுவார்.

ஏமாற்றுவது சின்ன இடுக்குதான். குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் எப்படிப் பீய்ச்சி அடிக்கிறது? அப்படி ரத்தம் பீய்ச்சி அடிக்கும்போது சிவப்பணுக்கள் நசுங்கி உடைகின்றன. ஒரு நாளைக்கு இருதயம் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. 1 லட்சம் தடவையும் இந்த உடைசல் நடக்கிறது! உடைந்த அணுவிலிருந்து வெளியேறும் நிறம்தான் கண்ணில் மஞ்சளாகவும் சிறுநீரில் டிக்காஷனாகவும் தெரிவது. ஈரல் கெட்டு வரும் காமாலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் ஏமாந்ததற்கும் இதில்தான் காரணம் இருக்கிறது. அணு உடையும்போது அதிலுள்ள இரும்பும் சிறுநீரோடு போய்விடுகிறது. அதனால் உடம்பில் நிஜமாகவே இரும்புச் சத்து குறையும். மாத்திரை கொடுத்தால் கொஞ்சம் ஏறும். 'பார்த்தீர்களா, மாத்திரை வேலை செய்கிறது' என்று நாம் நினைப்போம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றினால் ஊற்றுகிற வரைக்கும் நிறைகிற மாதிரிதானே இருக்கும்?

ஆகவே, வால்வு மாற்றியவருக்கு ஹீமோகுளோபின் குறைந்தால், மாத்திரை எழுதுகிற அன்றைக்கே சில டெஸ்ட்களையும் எழுதிவிட வேண்டும். எல்.டி.எச்., பிலிருபின், ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை, ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்த்து உடைந்த அணுக்கள் தெரிகின்றனவா என்பது, சிறுநீர்ப் பரிசோதனை. எல்லாமே சாதாரண லேபில் முடிகிற வேலை. உலோக வால்வு வைத்த யாருக்கும் எல்.டி.எச். கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அது நாளுக்கு நாள் ஏறுகிறதா, மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. வார்ஃபரினால் குடலில் ரத்தம் கசிகிறதா என்பதையும் கூடவே பார்த்துவிட வேண்டும். ஒன்றைத் தேடி மற்றதை விட்டுவிடக் கூடாது.

அந்த அம்மாவுக்கு எல்லா டெஸ்ட்டும் ஒரே திசையைக் காட்டின. எக்கோ எடுத்தோம். 'வால்வு நன்றாக வேலை செய்கிறது, கசிவு இல்லை' என்று ரிப்போர்ட் வந்தது!

இங்கேதான் பல பேர் கேஸை மூடிவிடுகிறார்கள். மார்பின் மேல் கருவியை வைத்து எடுக்கும் சாதாரண எக்கோவில், ஒலி அலை உலோக வால்வில் பட்டு, அதற்குப் பின்னால் நிழல் விழும். மைட்ரல் வால்வின் கசிவு பாயும் இடம் சரியாக அந்த நிழலுக்குள் மாட்டிக்கொள்கிறது. எக்கோ எடுத்தவர் மேல் குற்றமில்லை. முன்பக்கமிருந்து பார்த்தால் அது தெரியாது, அவ்வளவுதான். பின்பக்கமிருந்து பார்க்க வேண்டும்.

அதற்கு உணவுக்குழாய் வழி எக்கோ இருக்கிறது. டி.இ.இ. என்பார்கள். இருதயத்தின் இடது மேலறைக்குச் சரியாகப் பின்னால்தான் உணவுக்குழாய் ஓடுகிறது. மெல்லிய குழாய் முனையில் கருவியை வைத்து, வாய் வழியாக அங்கே இறக்கிப் பார்த்தால் நிழல் தொந்தரவு இல்லாமல் கசிவு பளிச்சென்று தெரியும். சில மணி நேரம் வெறும் வயிறு, தொண்டை மரத்துப்போக மருந்து, லேசான மயக்கம். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். விழுங்குவதில் சிரமம், உணவுக்குழாயில் ஏதாவது கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டெஸ்ட்டுக்காக வார்ஃபரினை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். முப்பரிமாண வசதி இருந்தால் வால்வைக் கடிகாரம் மாதிரி எதிரே நிறுத்தி, 'ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் ஓட்டை' என்று இடம் குறித்தே சொல்லிவிடுவார்கள்.

"டியூப் எல்லாம் முழுங்க மாட்டேன்" என்று அந்த அம்மா ஒரு வாரம் பிடிவாதம் பிடித்தார். "இருதயத்தையே பொளந்து தெச்சாங்க, அதுக்கு சரின்னே, இதுக்குப் பயமா?" என்று கணவர் கேலி செய்து சென்னைக்குக் கூட்டிப் போனார். பார்த்தால், பிறை வடிவில் சின்னதாய் ஓர் இடுக்கு.

இனி என்ன செய்வது?

முன்பெல்லாம் இரண்டே வழி. மருந்து, ரத்தம் ஏற்றுவது என்று தள்ளிப்போடுவது. அல்லது மறுபடி நெஞ்சைத் திறந்து தைப்பது. இரண்டாவது ஆபரேஷன் முதல் ஆபரேஷன் மாதிரி இல்லை, ஆபத்து அதிகம். நைந்த சதையில் மறுபடி தைத்தால் மறுபடி விடவும் கூடும். 1992-ல் அமெரிக்காவின் பாஸ்டன் டாக்டர்கள், நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகக் குடை போன்ற சாதனத்தைக் கொண்டுபோய் இந்தக் கசிவை அடைத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். இப்போது நிட்டினால் என்ற உலோகக் கம்பியில் பின்னிய அடைப்பான்கள் வந்துவிட்டன. மைட்ரல் வால்வென்றால், தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் துளையிட்டு இடப்பக்கம் போய், அந்த இடுக்கைக் கம்பியால் தேடிப் பிடித்து அடைப்பானைப் பொருத்துகிறார்கள். டி.இ.இ.யில் பார்த்துக்கொண்டேதான் இதைச் செய்ய முடியும். அடைப்பான் வால்வின் தகட்டில் இடிக்கிறதா என்று பார்த்து, இடித்தால் வெளியே இழுத்துவிடுவார்கள்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. கிருமித் தொற்று இருந்தால் கூடாது. வால்வே ஆடுகிற அளவுக்குத் தையல் விட்டிருந்தால் ஆபரேஷன்தான். சில சமயம் முழுசாக அடைபடாமல் மிச்ச இடுக்கில் ரத்தம் இன்னும் வேகமாகப் பீய்ச்சி, அணு உடைவது கூடிவிடுவதும் உண்டு. கை தேர்ந்தவர்கள் இருக்கும் பெரிய மையத்தில், இருதய டாக்டரும் சர்ஜனும் சேர்ந்து உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. செலவும் கணிசம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச் சொல்லை நம்பிப் படுத்துவிட்டு, பில் வரும்போது திகைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு அடைப்பான் வைத்தார்கள். நூற்றுக்கு நூறு அடைபட்டது என்று சொல்ல மாட்டேன், துளி மிச்சம் இருக்கிறது. ஆனால் சிறுநீர் வெளுத்தது, கண் தெளிந்தது. ஹீமோகுளோபின் 10-க்கு மேலேயே நிற்கிறது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் தொடர்கின்றன. இப்போதுதான் அந்த மாத்திரைக்கு அர்த்தம்!

என் ஆதங்கம் வேறு. ஆறு வருடத்துக்கு முன் அவரை வீட்டுக்கு அனுப்பியபோது கையில் கொடுத்த தாளில் மாத்திரைப் பட்டியல் இருந்தது. கீரை அதிகம் சாப்பிடாதே என்று இருந்தது. சிறுநீர் நிறம் மாறினால் வா என்று ஒரு வரி இல்லை. ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எக்கோ எடுத்து ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்திருக்கலாம். அதுவும் இல்லை. எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமில்லை. பல இடங்களில் இப்படித்தான். கோடிக்கணக்கில் வால்வு ஆபரேஷனுக்குச் செலவழிக்கும் அரசாங்கம், மாவட்டத்துக்கு ஒரு டி.இ.இ. கருவியையும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரையும் கொடுக்கக் கூடாதா? தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போய்விடும் என்கிற ஆளை, ஒரு டெஸ்ட்டுக்காக இரண்டு மூன்று தடவை சென்னைக்கு வா என்றால், அவர் வராமல் இருந்துவிடத்தான் பார்ப்பார்.

வால்வு மாற்றியவர்கள் வீட்டில் இருந்தால், வால்வின் பெயரும் அளவும் எழுதிய அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பல் பிடுங்கப் போனால் முதலில் அட்டையைக் காட்டுங்கள். முன்னதாக ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கும். காய்ச்சல் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நின்றால், மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். அதைப் போட்ட பிறகு ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போய்விடும். முதலில் ரத்த கல்ச்சர், அப்புறம்தான் மருந்து. காலையில் சிறுநீர் என்ன நிறம் என்று வீட்டில் ஒருவராவது கேட்கட்டும். கேட்கக் கூச்சமாக இருந்தால், அந்தக் கணவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் போன மாதம் வந்தபோது, "உங்ககிட்ட ரத்த டெஸ்ட்டுக்கு வர்ற மத்த வால்வு ஆளுங்களைப் பாத்தீங்களாய்யா?" என்று கேட்டார். எனக்கு உறைத்தது. அன்று ராத்திரியே ஐ.என்.ஆர். நோட்டைப் புரட்டி, ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே வந்த இரண்டு பேரைக் கூப்பிட்டனுப்பினேன். இரண்டு பேருக்கும் நான் எழுதியிருந்தது அதே சத்து மாத்திரை. ஒருவருக்கு டி.இ.இ. பார்த்தாகிவிட்டது, கசிவு இல்லை. வயிற்றில் புண், அங்கிருந்துதான் ரத்தம் போகிறது. இன்னொருவர் வருகிற புதன்கிழமை போகிறார்.